செய்து காட்டுகிறவள்

எங்கள் முதலாளி கடைக்குள் நடப்பதை நிறுத்தியதற்குக் காரணம் அவள்தான்.

பதுளை கடைத்தெருவில் இரண்டு வாசல் வைத்த சேலைக்கடை அது. நாங்கள் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் அங்கே வேலை செய்தோம். முதலாளிக்குச் சின்ன வயதில் வந்த ஏதோ நோயில் இடது கால் கொஞ்சம் சிறுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு அடியிலும் அந்தக் கால் தரையில் படுவதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கும். தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை. ஒருநாள் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் அவள் பட்டுப் பகுதியிலிருந்து கல்லாவரை நடந்து காட்டினாள். காலை இழுக்கவில்லை, நொண்டவில்லை. அந்த யோசனையை மட்டும் செய்தாள். போகிற வழியில் ஒரு சேலைக் கட்டை விரல் நுனியால் தொட்டு, இது ஏன் இன்னும் விற்கவில்லை என்பதுபோலக் கழுத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து நிமிர்ந்தால் சுவர்க் கண்ணாடியில் முதலாளி நிற்கிறார். மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்.

கல்லாவரை எப்படி நடந்து போவது என்று தெரியாதவர்போல அவர் வாசலிலேயே நின்றார். நான்தான் ஓடிப்போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து நாங்கள் வருவதற்கு முன்பே வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் போன பிறகுதான் எழுந்திருப்பார். எது வேண்டுமென்றாலும் கைகாட்டிக் கூப்பிடுவார். அவளை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. கடையில் விற்ற பட்டில் பாதி அவள் கையால்தான் விற்றது.

"பாவம்க்கா மொதலாளி" என்று யாரோ சொன்னதற்கு அவள் நிதானமாகக் கேட்டாள், "நான் என்ன இல்லாததயா செஞ்சேன்?"

அவள் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை அது. இல்லாதது எதையும் அவள் செய்ததே கிடையாது. இருந்ததைத்தான் செய்தாள். நாம் அவ்வளவு நாளும் நமக்குள் பத்திரமாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்ததை வெளியே எடுத்து, எல்லோருக்கும் காட்டி, பிறகு திருப்பிக் கொடுப்பாள். திருப்பி வாங்கினால் அது பழையபடி இருக்காது.

அவள் பெயரை எழுதமாட்டேன். பதுளை சின்ன ஊர். மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கை வரவில்லை. நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வாய் நிறையக் கூப்பிட்டேன்.

அந்தத் திறமையை வைத்துத்தான் அவள் சேலையும் விற்றாள். கடைக்கு வருகிற பெண்கள் பொம்மைக்குக் கட்டிய சேலையை நம்புவதில்லை. பொம்மைக்கு எதைக் கட்டினாலும் அழகாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவள் சேலையை விரித்துத் தன் தோளிலேயே போட்டுக்கொள்வாள். வந்த பெண்ணை ஒரே ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். பிறகு அந்தப் பெண்ணாக நிற்பாள். பள்ளிக்கூட அதிபரின் மனைவி வந்தால் அதிபரின் மனைவியாக நிற்பாள். ஆனால் ஐந்து வயது குறைந்த, முதுகு நிமிர்ந்த, வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத அதிபரின் மனைவி. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். விலையைக்கூடக் கேட்காமல் "அதையே கட்டிக் குடு புள்ள" என்பார்.

அந்த அம்மா வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, அவள் மறுபடியும் அதிபரின் மனைவியாக நிற்பாள். இந்தத் தடவை நிஜமாகவே அவர் நிற்கிறபடி. ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, மூச்சு வாங்குகிற வாய், கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிற பயம். நாங்கள் சேலை மடிப்பதை விட்டுவிட்டுச் சிரிப்போம். ஒரே பெண்ணை ஐந்து நிமிடத்துக்குள் கும்பிடவும் கொல்லவும் அவளுக்கு வரும்.

தங்கேஸ்வரி என்றொரு பிள்ளை ரெடிமேட் பகுதியில் நின்றாள். கொஸ்லந்தைப் பக்கம் அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டான். துணி போட்டுப் பார்க்கிற அறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வாரம் அழுதாள். அழுதுகொண்டே நடுநடுவில் மூக்குத்தியைத் தொட்டுப் பார்ப்பாள், எங்கேயாவது விழுந்துவிட்டதோ என்று. நாங்கள் அவளுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தோம், சமாதானம் சொன்னோம். எட்டாவது நாள் அவள், நான் சொல்கிற இவள், அந்தத் திரைக்குப் பின்னால் போய்த் தங்கேஸ்வரியாக வெளியே வந்தாள். அழுகை, விக்கல், மூக்குத்தி. விக்கல், அழுகை, மூக்குத்தி. தங்கேஸ்வரியே சிரித்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? அதன் பிறகு அவள் கடையில் அழவில்லை. மூக்கைத் தொடுவதையும் விட்டுவிட்டாள், சளி பிடித்திருந்தால்கூட. பொங்கலோடு வேலையை விட்டுப் போனாள். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், அவளிடமும்தான்.

அன்று அதிகமாகச் சிரித்தது நான். மறைத்து என்ன ஆகப்போகிறது? தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்வரை அவள் கை நம் மேல் நீளாது என்று ஒரு கணக்கு. எல்லோருமே அந்தக் கணக்கைத்தான் போட்டோம்.

ஆனால் மனதுக்குள் ஒரு குறையும் இருந்தது. என்னை மட்டும் அவள் செய்து காட்டியதே இல்லை. ஒருநாள் சோறு தின்கிற நேரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அக்கா, என்னையச் செஞ்சு காட்டுங்களேன்."

கவளத்தை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"ஒன்கிட்ட செய்றதுக்கு என்னடி இருக்கு? நிக்கிற, ஒக்கார்ற, திங்கிற. ஒன்னையச் செஞ்சா நான் சும்மா இருக்கேன்னு நெனைச்சுக்குவாளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

எனக்கென்று ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு நடிகரைப் பிடிக்கும். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கதாநாயகர்கள். என் ஆள் கதாநாயகனின் கூட்டாளியாக வருவார், இல்லாவிட்டால் வில்லனின் ஆளாக வருவார். எப்படி வந்தாலும் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவார். ஒடிந்து ஒட்டின மாதிரி ஒரு மூக்கு. குத்து வாங்கி விழும்போது, இதை எதிர்பார்த்தேன் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் படம் பார்ப்பேன். அவர் செத்ததும் எனக்குப் படம் முடிந்துவிடும்.

போயா என்கிற பௌர்ணமி நாளில் கடைக்கு லீவு. முதல் நாள் பின்னேரம் கடைசி பஸ்ஸைப் பிடித்து மடுல்சீமையிலிருக்கிற வீட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குள் போன் வெறும் டோர்ச் லைட்தான், சிக்னல் கிடையாது. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறி உட்கார்ந்தால் மூன்று கோடு காட்டும். அப்படி ஒரு போயாவுக்கு உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது அது தானாக அடுத்த வீடியோவுக்குப் போனது. ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை சாத்தி வைத்திருக்கிறது. இரண்டு பேர் கித்தார், ஒருவர் டிரம். நடுவில் பனியனோடு வியர்த்து ஒழுகிக்கொண்டு, மைக்கைக் குரல்வளை மாதிரிப் பிடித்துக்கொண்டு என் நடிகர்.

ஏதோ படக் காட்சி என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள், குத்துவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பாட்டு முடியும்வரை அவர் சாகவில்லை.

அது அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்தமாக நடத்துகிற பாட்டுக் குழு. சினிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டும் சினிமாப் பாட்டு மாதிரி இல்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருவன் ரோட்டில் நின்று யாரோடோ சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும். பாதி கத்தல், பாதி பேச்சு, நடுவில் ஒரே ஓர் இடத்தில் குரல் இறங்கி அழுவதுபோல வரும். நானூற்றுச் சொச்சம் பேர்தான் அதைப் பார்த்திருந்தார்கள். எனக்கு அது பிடித்த அளவுக்கு வாழ்க்கையில் எதுவும் பிடித்ததில்லை. பாறையில் உட்கார்ந்து ஒன்பது தடவை கேட்டேன். கீழே அம்மா சோறு தின்னக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

'பதுளையிலிருந்து கேட்கிறேன் சார்' என்று வீடியோவுக்குக் கீழே எழுதினேன். அடுத்த போயாவுக்கு வந்து பார்த்தால் ஓர் இதயக்குறி, கூடவே 'பதுளை எங்க இருக்கு?' என்று ஒரு கேள்வி. அவரேதான் எழுதினாரா, வேறு யாருமா என்று தெரியாது. எனக்கு அவரேதான். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பதில் எழுதினேன். வணக்கம் சார், நான் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு, கொழும்பிலிருந்து வருகிற ரயில் பதுளையோடு முடிந்துவிடும், அதற்கு மேலே தண்டவாளம் கிடையாது, எங்கள் ஊர் அதற்கும் மேலே, நீங்கள் பாடும்போது ரயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன, கேட்டாரே.

இது அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. சுவாமி படத்துக்கு முன்னால்கூட அதைத்தான் வேண்டினேன். போனில் அந்த வீடியோவை வேறு பெயர் வைத்த ஒரு பட்டியலுக்குள் ஒளித்து வைத்தேன். சேலைக் கட்டுகள் அடுக்கிய மேல்மாடிக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது மட்டும், இயர்போனைக் காதில் சொருகி ஒரு தடவை கேட்டுவிட்டு இறங்குவேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் கடை திறந்ததும் முதலில் ஒரு சாமி பாட்டு போக வேண்டும். அது முடிந்ததும் முதலாளி உட்கார்ந்தபடியே கற்பூரம் காட்டுவார். வாரத்துக்கு ஒரு பிள்ளையின் போனிலிருந்து அந்தப் பாட்டு புளூடூத்தில் ஸ்பீக்கருக்குப் போகும். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் முறை வந்தது. முருகன் பாட்டைப் போட்டேன், முடிந்தது, மேலே சரக்கு எடுக்க ஏறினேன். இயர்போனைச் சொருகிப் பாட்டை அமுக்கினால் காதில் ஒன்றும் கேட்கவில்லை. வயர் விட்டுப்போச்சு என்று நினைத்துச் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். ஸ்பீக்கரை என் போனிலிருந்து கழற்ற மறந்திருந்தேன். கீழே முதலாளி கற்பூரத்தட்டைச் சுற்றிக்கொண்டிருக்க, கடை முழுக்க என் நடிகர் கத்தினார்.

நான் ஏணியிலிருந்து பாதி விழுந்து பாதி இறங்கி வந்தேன். முதலாளி தட்டோடு உட்கார்ந்திருந்தார். "யாரு புள்ள அது, ஆஸ்பத்திரியிலயா கத்துறாங்க?" என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"குடுடி பாப்போம்."

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது. ஓரமாகப் போய் நின்று பாட்டை முழுதாகப் பார்த்தாள். கீழே நான் எழுதியிருந்ததையும் விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான்டி பாடுறான்" என்றாள். அவ்வளவுதான்.

நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அடுத்த பத்து நாளும் செய்தேன். அவளாகவே என்னோடு மேல்மாடிக்கு வருவாள். "அந்த எறங்குற எடம் எப்புடிடி போகும், பாடு" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். ஏன் பிடிக்கும் என்று கேட்பாள், சொல்வேன். பதில் வந்திருக்கிறதா என்று தினமும் போனை எடுத்துப் பார்ப்பேன் என்பதைக்கூடச் சொன்னேன். என்னைப் பெற்றவளிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. கன்னத்தில் கை வைத்து, இமை கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. இன்றுவரைக்கும் இல்லை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் வெட்கமில்லாமல் அந்தப் பத்து நாளைத்தான் சொல்வேன்.

இப்போது அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாளாம். பாஷை தெரியாத வீடு. யாரைச் செய்து காட்டுவாள், யார் சிரிப்பார்கள் என்று சில நேரம் நினைப்பேன். நன்றாக வேண்டும் என்றும் நினைப்பேன். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் வருவதில்லை. முதலாளி வருகிறார், தங்கேஸ்வரி வருகிறாள், அதிபரின் மனைவி வருகிறார். அவள் மட்டும் வரமாட்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தோட்டங்களில் முற்பணம் கொடுத்ததும் பதுளையில் கால் வைக்க இடமிருக்காது. ஒவ்வொரு சேலைக்கடை வாசலிலும் ஒரு மைக். எங்கள் கடைக்கு அவள். ஸ்டூலில் ஏறி நின்று, "வாங்கம்மா வாங்க, அத்தைக்கு ஒன்னு சித்திக்கு ஒன்னு, பாத்துட்டுப் போங்க, பாக்குறதுக்குக் காசு கெடையாது" என்று மூச்சு விடாமல் பேசுவாள். அந்த வருடம் எதிர்க் கடைக்காரர் பண்டாரவளையிலிருந்து ஓர் ஆளைக் கூலிக்குக் கொண்டுவந்திருந்தார். கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் பகிடி விட்டான். பகல் பதினொரு மணிக்கு மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம். எங்கள் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து அவளைப் பார்த்துக் கையை விரித்தார்.

அவள் எதிர்ப் பக்கத்துக் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

முதல் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நடிகரின் பாட்டு. ஆனால் அவர் பாடுவதல்ல, நான் பாடுவது. பிசிறு தட்டுகிற என் குரல், எட்டாத இடத்தில் தாடையை மேலே தூக்கிக்கொள்கிற நான், சேலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிற நான். தெரு திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டை நிறுத்தி, மைக்கைப் போன் மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுதினாள். "வணக்கம் சார். நான் தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு சார். எங்க ஊருக்கு ரயிலே இல்ல சார். நீங்க பாடுறப்ப எனக்கு மட்டும் ரயில் போகுது சார்." எழுதிவிட்டுப் போனைப் பார்த்தாள். பதில் இல்லை. இடுப்பில் சொருகினாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். இல்லை. ஒரு சேலையை மடித்தாள், பாதியில் எடுத்துப் பார்த்தாள். இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் என்ன முகம் வைத்திருப்பேனோ அந்த முகம். அப்படி ஒரு முகம் எனக்கு இருக்கிறதென்றே அன்றுதான் பார்த்தேன். தொப்பிக்காரனின் கூட்டம் மொத்தமாக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிவந்த சனம், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நான் வாசலுக்குப் பக்கத்துக் கவுண்டரில் கையில் மீட்டர் கோலோடு நின்றேன். என்னுடன் வேலை செய்தவர்களுக்கு அது யார் என்று தெரியும். அவர்களும் சிரித்தார்கள். நான் அவர்கள்மேல் கோபப்படவில்லை, தரையில் உட்கார்ந்து சிரித்தவள்தானே நானும். வேறு எங்கேயாவது பார்ப்போம் என்று கூட்டத்துக்குள் பார்த்தேன். முன் வரிசையில் என் அம்மா.

பக்கத்து லயத்துப் பெண்கள் இரண்டு பேரோடு சேலை எடுக்க வந்திருந்தாள். அம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. அதனால் சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். சிரிப்பதே அபூர்வம். அன்று வாயை மூடவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. பெற்று, வளர்த்து, இருபத்தொரு வருடம் பார்த்த பிள்ளையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்மேல் என்ன குற்றம்? நான் அப்படி இருந்ததை அவள் கண்டதே இல்லையே.

அம்மா கூட்டத்தோடு உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருடி அந்த மைக்கு அக்கா? யப்பா, வயிறு நோவுதுடி." அதற்குள் அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி எங்கள் பக்கம் வந்தாள்.

"இது யாருடி?"

"எங்கம்மா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த ஒரு தடவைதான் அவளுக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியாமல் போனது. பிறகு என்னைத் தள்ளிவிட்டு அலமாரிக்குப் போய், அரக்குச் சேலை ஒன்றை உருவி விரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மாவாக நின்றாள். தலையில் தேயிலைக் கூடைக் கயிறு மாட்டி மாட்டி முன்னால் சாய்ந்துபோன கழுத்து அப்படியே இருந்தது. ஆனால் அந்தச் சாய்வு யாரோ மரியாதைக்குரிய ஒருவர், சின்னவர்கள் பேசுவதைக் குனிந்து கேட்கிற மாதிரி இருந்தது. அம்மா கண்ணாடியைப் பார்த்து, "அது நானா புள்ள?" என்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதாம்மா" என்றாள் அவள்.

சேலையைப் பையில் போடக் கட்டிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் பார்க்காமலே சொன்னாள், "நான் என்ன இல்லாததயா செஞ்சேன்?" எப்போதும் சொல்கிற மாதிரி இல்லை. பதில் வேண்டும் என்று கேட்ட மாதிரி இருந்தது. நான் ரசீதை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சேலை விரிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. போட்டால் பனியனோடு அவர் வருவதில்லை, ஸ்டூலில் தாடையைத் தூக்கிக்கொண்டு நான்தான் வருகிறேன். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கடையில் இருந்தேன், பிறகு ஒரு மருந்துக் கடைக்கு மாறினேன். அந்தக் குழு இன்னும் சில பாட்டுகள் போட்டதாகக் காட்டியது. திறக்கவில்லை.

அந்த வருடத் தீபாவளியன்று வீட்டில் இருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்து லயத்து வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அரக்குச் சேலையில் இருந்தாள். பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பதுளையில் பார்த்ததைச் சொல்லிப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை. பாதியிலேயே சிரிப்பு முட்டிக்கொண்டது.

"நீதான் கூடயே இருக்கியேடி, நீ செஞ்சு காட்டு."

"எனக்கு வராதும்மா."

"நல்ல நாள் அதுவுமா கேக்குறேன், செஞ்சு காட்டுடி."

எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன். பாடினேன், தாடையைத் தூக்கினேன். வணக்கம் சார் என்றேன். போனை எடுத்துப் பார்த்தேன், இடுப்பில் சொருகினேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து, புதுச்சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"பாவம்டி அந்தப் புள்ள. யாரு பெத்ததோ."

நான் உட்காரப் போனேன்.

"இன்னொருக்கா செய்யிடி" என்றாள் அம்மா. "அந்தப் போன பாக்குற எடத்த."